மூன்றா எட்டா

அன்று விடியலில் வள்ளத்தில் இருந்தவர்கள் அப்பா, அக்காவைக் கட்டிய மச்சான், நான். இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. எங்களிடம் ஆதாரம் கேட்ட மீன்வளத்துறை அதிகாரி இல்லை. போன தடவை என் போனில் எடுத்த படத்தைப் பார்த்து, "இதுல லாஞ்சு எங்க இருக்கு, இருட்டு எங்க இருக்கு?" என்று கேட்டுச் சிரித்த அவருடைய உதவியாளர் இல்லை. கரையை ஒட்டிய கடல் வள்ளக்காரனுக்கு, அதற்கு அப்பால்தான் விசைப்படகுக்கு என்று சட்டம் எழுதியவர்களில் ஒருத்தரும் இல்லை. வள்ளத்தின் முன்பக்கத்தில் எப்போதும் கால் மடக்கி உட்கார்ந்து வரும் சித்தப்பாவும் இல்லை.

சித்தப்பாவின் வலையைப் போன வருஷம் ஒரு லாஞ்சு அறுத்துக்கொண்டு போனது. விசைப்படகை எங்கள் பக்கம் லாஞ்சு என்போம். மறுவலை வாங்க அவரால் முடியவில்லை. இப்போது அவர் வேறொரு லாஞ்சில் கூலிக்குப் போகிறார். அறுபட்டவன் அறுப்பவனிடமே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் எங்கள் முறை. பொங்கல் கழிந்து ஒரு விடியலில் அப்பாவின் வலையில் பாதி போயிற்று. சாயங்காலம் வலையைப் போட்டு, வள்ளத்தை அதன் ஓரத்திலேயே நிறுத்திக் காத்துக் கிடந்து, கிழக்கு வெளுக்கும்போது இழுப்பது எங்கள் தொழில். வெளுப்பதற்குச் சற்று முன்னால்தான் லாஞ்சு வரும். துறையிலிருந்து கிளம்பி நேரே ஆழத்துக்குப் போக வேண்டியவன், போகிற போக்கில் எங்கள் கடலில் மடி என்கிற இழுவலையை இறக்கி ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு போவான். அந்த மடியில் மீனும் போகும், எங்கள் வலையும் போகும். மிச்சப் பாதி வலையும் போனால் அப்பாவுக்கும் சித்தப்பாவின் கதிதான். ஐம்பது வயதைத் தாண்டியவர், யாரோ ஒருத்தனுடைய லாஞ்சில், என் வயதுப் பையன் ஒருவன் "இழும் வே, சோறு திங்கலையா?" என்று அதட்ட, மடி இழுக்க வேண்டும். அப்பா அதை வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசித்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்தவன். மனு எழுதுவது என் வேலை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் தேதி, இடம், வலையின் நீளம் எல்லாம் போட்டுப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி மனுவைப் படித்துப் பாராட்டினார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். பிறகு, "நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க தம்பி. நம்பர் இருந்தா நஷ்ட ஈடு, அபராதம் எல்லாம் தானா நடக்கும்" என்றார். நான் அதை நம்பினேன். படித்தவனல்லவா? ஆதாரம் கொடுத்தால் நியாயம் வரும் என்பது எனக்குக் கணக்கு மாதிரி இருந்தது.

கேமரா மச்சானுடையது. அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். ஜப்பானில் கப்பல் நின்ற ஒரு நாளில் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தார். கேமரா நல்ல கேமரா. ஒரே குறை, அதன் மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. வேறு பாஷைக்கு மாற்ற வழியே கிடையாது. அந்த நாட்டுக்காரனுக்கென்றே செய்தது. ஞானஸ்நானம், புதுநன்மை, சப்பரம் என்று ஊரில் மாதா கோயில் விசேஷங்களுக்கு நான் எடுத்த படங்கள் எல்லாம் பகலில், கேமரா தானாகவே பார்த்துக்கொள்ளும் முறையில் எடுத்தவை. அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

இருட்டுக்குத் தெரிய வேண்டும். ஐ.எஸ்.ஓ. என்பதைக் கூட்டினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் என்று படித்திருந்தேன். பின்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும் இடத்துக்குப் போனால் ஒரு வரிசை வரும். எண்களுக்கு மேலே, வரிசையின் உச்சியில், ஐ.எஸ்.ஓ. என்றும் பக்கத்தில் அடுக்கி வைத்த சீட்டுகள் மாதிரி ஒரு படமும் இருந்தது. அதை வைத்து அமுக்கினேன். சட சட சடவென்று நாலைந்து சத்தம் கேட்டது. சீட்டுக் கட்டுப் படம், தொடர் சத்தம். இதுதான் தொடர்ந்து எடுக்கும் முறை என்று தீர்மானித்துவிட்டேன். ஓடுகிற லாஞ்சில் ஏதாவது ஒரு படத்திலாவது நம்பர் நிற்காதா?

அன்று வள்ளத்தில், வெளிச்சம் தெரியக்கூடாதென்று, அப்பா பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை. தெறிக்கும் தண்ணீர் படாமல் கேமராவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, லென்சுக்கு மட்டும் ஓட்டை விட்டு, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தேன். கொண்டல் காற்று லேசாக இருந்தது.

"வாரான்" என்றார் அப்பா.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு லாஞ்சின் கறுப்பு உருவம். வலைக்கு அடையாளமாக மிதக்கும் போயாக்களின் கொடிகளை அவன் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் திருப்பவில்லை. நான் அமுக்கினேன். சட சட சட சட. மறுபடி அமுக்கினால் அமுங்கவில்லை. திரையில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு மறுபடி அமுக்கினேன். சட சட சட சட. மறுபடி சுற்றல்.

"ஏ மாப்ள, அது படம் எடுக்கா, இல்ல தையல் மிஷினு ஓட்டுதா?" என்றார் மச்சான்.

"பேசாதீங்க மச்சான்."

"நான் பேசல. ஒன் மிஷினுதான் பேசுது. தச்சு முடிச்சிட்டு சொல்லு."

அன்று லாஞ்சு எங்கள் வலையை ஒரு பாகத் தூரத்தில், இரண்டு கையையும் விரித்த அகலத்தில், தாண்டிப் போனது. வலை தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். அவன் தயவு அல்ல. கரைக்கு வந்து படத்தைப் பார்த்தேன். ஐந்து தடவை அமுக்கியிருக்கிறேன், இருபது சத்தமாவது கேட்டிருக்கிறது, படம் ஐந்தே ஐந்து. ஒவ்வொன்றிலும் லாஞ்சுக்கு மேல் லாஞ்சு, அதற்கு மேல் இன்னொரு லாஞ்சு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் சுண்ணாம்பை இழுத்துவிட்ட மாதிரி ஒரு தடம்.

"நம்பர் இருக்கால?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அம்புட்டு சத்தம் கேட்டுச்சே."

கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆத்திரம் என் மேலேயே வந்தது. படிக்க வைத்த மகன், கையில் சாமானை வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று தெரியாமல் நிற்கிறான்.

அன்றே பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனேன். கேமரா பழுது பார்க்கும் கடை அண்ணாச்சி உறையைப் பிரித்து, முகர்ந்து பார்த்தார். கேமராவை முகர்ந்து பார்த்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"கடல்கரைப் பையனாடே?"

"ஆமா அண்ணாச்சி."

"பாத்தாலே தெரியுது. போர்டு போயிட்டு. உப்புக்காத்து பட்டா எந்த போர்டு நிக்கும்? இத குடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டு வேற எடுத்துக்கிடுங்க."

"ஒரு தடவகூட ஆன் பண்ணிப் பாக்கலையே அண்ணாச்சி?"

"ஆன் பண்ணா மட்டும்? இந்த கொக்கிக் கொக்கி எழுத்த நான் எங்க வாசிக்க?"

தனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றைக் கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். நான் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு டீயைச் சொல்லிவிட்டு, மேசை மேலிருந்த கண்ணாடித் தம்ளரைக் குறி வைத்து ஒரு தடவை அமுக்கினேன். சட சட சட சட. படம் எத்தனை? ஒன்று. மறுபடி. நாலு சத்தம், ஒரு படம். தம்ளர் அசையாமல் இருந்ததால் படம் பளிச்சென்று இருந்தது. தம்ளரைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டே அமுக்கினேன். படத்தில் நாலு தம்ளர் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருந்தது.

அப்போதுதான் விளங்கிற்று. அந்தக் கேமரா தொடர்ந்து எடுக்கவே இல்லை. இருட்டுப் படத்தில் விழும் புள்ளிகளைக் குறைப்பதற்காக நாலு படம் எடுத்து, அவற்றைக் கலந்து, ஒரே படமாக ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அசையாத பூச்சாடிக்கு அது நல்லது. ஆடும் வள்ளத்திலிருந்து ஓடும் லாஞ்சை எடுப்பவனுக்கு அது வாய்க்கரிசி. கலந்து முடிக்கும் வரை அடுத்த படத்துக்கும் விடாது. அந்தச் சுற்றல் அதுதான்.

போனில் ஒரு செயலி உண்டு. எழுத்துக்கு மேலே பிடித்தால் நமக்குத் தெரிந்த பாஷையில் காட்டும். மெனுவின் ஒவ்வொரு வரிக்கு மேலும் போனைப் பிடித்து, அது உளறியதை எல்லாம் பொறுத்துக்கொண்டு, ஒன்றொன்றாகப் போனேன். முதலில் அந்தச் சீட்டுக்கட்டை விட்டு வெளியே வந்து, ஐ.எஸ்.ஓ.வுக்கு வெறும் எண்ணை வைத்தேன். தொடர்ந்து எடுக்கும் முறை அங்கே இல்லவே இல்லை; வேறொரு பட்டனுக்குள் தனியாக இருந்தது. அதில் வேகமானதைத் தேர்ந்தெடுத்தேன். வைத்தால் அது நிற்கவில்லை. அமுக்கினால் ஒரு படத்தோடு நின்றது. அதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய சக்கரம் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற முறையில் நின்றிருக்கிறது. அந்த முறையில் இருட்டைக் கண்டால் கேமரா தன் இஷ்டப்படிதான் நடக்கும். நாம் வைப்பதைத் தட்டிவிடும். சக்கரத்தைத் திருப்பி, ஷட்டரின் வேகத்தை நானே வைக்கும் முறைக்கு வந்தேன். விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று, வெளியே வரும் பஸ்களின் நம்பரை எடுத்துப் பழகினேன். ஏரல் பஸ், உடன்குடி பஸ், எது வந்தாலும் ஒரு அமுக்கு. ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்துச் சொச்சத்தில் வைத்தால் நம்பர் இருட்டிக் கிடந்தது. ஆறாயிரத்து நானூறில் வாசிக்க முடிந்தது. பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் நன்றாக வெளுத்தது, ஆனால் படம் முழுக்க மணலை அள்ளித் தெளித்த மாதிரி புள்ளி. இருட்டில் வெளிச்சத்தை இழுத்துக் கொடுப்பதற்கு அது வாங்கும் கூலி அந்தப் புள்ளி. கடலில் பஸ் ஸ்டாண்டு விளக்கு இல்லை. புள்ளியைச் சகித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

"யாருல அது, வண்டி வண்டியா போட்டோ பிடிக்க? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சேந்துட்டியா?" என்று ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார். அவர் பஸ்ஸின் நம்பர் எட்டுப் படத்திலும் தெளிவாக விழுந்திருந்தது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. போர்டு போயிட்டாம், போர்டு.

அடுத்த தடவை கடலுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், எல்லாவற்றையும் வைத்து, ஆடும் தென்னை ஓலையை எடுத்துச் சோதித்து, கேமராவை உறையில் போடாமல் மேசையில் வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த விடியலும் முன்னதைப் போலத்தான். ஆனால் லாஞ்சு இந்தத் தடவை தாண்டிப் போகவில்லை. நேரே வந்தது. முதல் போயாவின் கொடி சாய்ந்தது, இரண்டாவது மூழ்கியது. அப்பா எழுந்து நின்று கத்தினார்.

"ஏய்! வலை கிடக்குல! திருப்புல! வலை கிடக்கு!"

மேலே தளத்திலிருந்து பதில் வந்தது. "ஒன் வலையா? பேரு எழுதிப் போட்டிருக்கியா?"

நான் லென்சை நீட்டினேன். நம்பர் நேர் எதிரே, வெள்ளையடித்த பலகையில், கறுப்பாக நின்றது. அமுக்கினேன். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி, தடதடவென்று நிற்காமல் ஓடியது.

"போட்டோவால பிடிக்க?" என்று ஒருவன் மேலிருந்து இடுப்பில் கை வைத்து நின்றான். "நல்லா பிடி. ஒங்க அக்கா தங்கச்சி இருந்தா காட்டு, பொண்ணு பாக்க வாரோம்."

மச்சான் துடுப்பை எடுத்துவிட்டார். அப்பா அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். அந்த நேரத்தில் கேமரா நின்றது. விரல் அமுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது, திரையில் ஒரு வரி ஜப்பான் எழுத்து. உறையைக் கிழித்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அதே வரி. மறுபடி கழற்றினேன். அதற்குள் லாஞ்சு திரும்பி அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. அங்கே நம்பர் மேல் ஈரமடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மடிக்குள் எங்கள் வலை.

கரையில் வள்ளத்தை ஏற்றியதும் மச்சான் கேமராவின் அடிப்பக்க மூடியைத் திறந்து கார்டை உருவினார். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"மாமா," என்றார் அப்பாவைப் பார்த்து, "இதுல கிரீஸ் இருக்கு."

"ஆமா, நான்தான் தடவுனேன்" என்றார் அப்பா.

கரைக்கு வந்ததும் வள்ளத்து இரும்பு, கத்தி, இஞ்சின் பிளக்கு என்று உப்பு தின்னக்கூடிய எதையும் துடைத்து, கிரீஸ் துணியால் ஒரு இழுப்பு இழுத்து வைப்பது எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்தில் செல் போடும் இடத்தில்கூடக் கிரீஸ் இருக்கும். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் கை வழுக்கும். கடலுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, மேசையில் உறையில்லாமல் கிடந்த கேமராவை அப்பா பார்த்திருக்கிறார். நாளைக்கு நம் உயிரே இதில்தான் இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே பொன் நிறத்தில் சின்னச் சின்னத் தகடுகள். பித்தளை என்று நினைத்துக்கொண்டார். கார்டை உருவி அதன் தகடுகளுக்கும் கொஞ்சம்.

"உப்புக்காத்துல பச்சை பூத்துரும்லா. அதுக்குத்தான்" என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்று கேட்டது நினைவிருக்கிறது. கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மீன் கூடையோடு வந்த அம்மா கூடையைப் பொத்தென்று வைத்தாள். "ஏலே, யாருகிட்டல கத்துத? வலைய அவரா அறுத்தாரு? அறுத்தவன் அங்கன போறான், அவன்கிட்ட போய்க் கத்து. அவன் மேல கை ஓங்கத் தெரியல, வாய் மட்டும் வீட்டுக்குள்ள வருது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அப்பா கிரீஸ் தடவாமல் இருந்திருந்தால் நாற்பது படம் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு மனிதன் தன் வலை அறுபடுவதை நிரூபிக்க, ஜப்பான் எழுத்தை வாசிக்கவும், ஐ.எஸ்.ஓ. வைக்கவும், மின்னணுத் தகட்டுக்கு எண்ணெய் ஆகாது என்று அறிந்திருக்கவும் வேண்டும் என்று யார் விதித்தது? அறுத்தவன் எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. சுக்கானைத் திருப்பாமல் வந்தால் போதும்.

கார்டின் தகடுகளை ஸ்பிரிட்டில் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டபோது முக்கால்வாசிக் கோப்புகள் திறக்கவில்லை. நாலு படங்கள் திறந்தன. அதில் மூன்றில் அலை மறைத்திருந்தது. ஒன்றில் முழு நம்பரும் இருந்தது. புள்ளி புள்ளியாக, ஆனால் முழுசாக. கடைசி எண் மூன்று. படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து வராது, எண் வரும். "மூணு" என்றார் உடனே. அம்மா "மூணு" என்றாள். மச்சான் "மூணுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

ஆபீசில் அதிகாரி படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள் ஆகும் வரை பெரிதாக்கினார்.

"இது மூணா, எட்டா?"

"மூணு சார்."

"எட்டு மாதிரியும் இருக்கே."

"பெருசாக்கினா புள்ளிதான் சார் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. மூணு தெரியும்."

"நான் எந்திரிச்சு தள்ளி நிக்கணுமா?"

உதவியாளர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பதற்குத்தான் சம்பளம் போலிருக்கிறது.

"இவ்வளவு புள்ளி ஏன்? இருட்டுல எடுத்தீங்களோ? வெளிச்சத்துல எடுக்க வேண்டியதுதானே தம்பி?"

"வெளிச்சத்துல அவன் எங்க கடலுக்கு வர மாட்டான் சார்."

"அப்ப நாங்க என்ன செய்ய முடியும்?"

"மூணுல முடியுத லாஞ்சு யாருது, எட்டுல முடியுத லாஞ்சு யாருதுன்னு உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்லா சார். படத்துல கேபின் பச்சையா தெரியுது. ரெண்டு லாஞ்சையும் போய்ப் பாத்தா எது பச்சைன்னு தெரிஞ்சிரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, எனக்கு வேலை சொல்லித் தராதீங்க. எட்டு நம்பர்காரன் மேல தப்பா நடவடிக்கை எடுத்தா அவன் கோர்ட்டுக்குப் போவான். நம்பர் தெளிவில்லைன்னு எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை தெளிவா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அடுத்த தடவை. அடுத்த தடவை அறுக்க எங்களிடம் வலையே இல்லை. அதைச் சொன்னேன். அவர் அதற்குள் வேறு கோப்பை எடுத்துவிட்டார். அன்று நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் "படித்த பையன் இப்படிப் பேசலாமா" என்பார்கள். போடாவிட்டால் "நம்பர் தெளிவில்லை" என்பார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வலை வராது. கைகட்டி நின்றதுதான் இன்றைக்கும் உள்ளுக்குள் எரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரத்தில், சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வெகுநாள் கழித்து வருகிறார். அம்மா காப்பி கொடுத்தாள். அவர் குடிக்காமல் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த லாஞ்சுக்காரரு ஆள் விட்டிருந்தாரு. மனுசன் மோசமில்ல. வலைக்குப் பாதிக் காசு தாரேங்காரு."

அப்பா அவர் முகத்தையே பார்த்தார்.

"வலை நீரோட்டத்துல போச்சுன்னு ஊர்க் கமிட்டி முன்னால ஒரு வார்த்தை சொல்லிரணுமாம். அப்புறம், பய வச்சிருக்க படத்த அழிச்சிரணுமாம். அவ்வளவுதான்."

"எந்தப் படத்த?" என்றார் அப்பா.

"அதாம்ணே. நம்பர் தெரியுத படத்த."

"ஆபீசரு நம்பர் தெரியலன்னாருல்லா?"

சித்தப்பா தம்ளரை உருட்டுவதை நிறுத்தினார்.

"எங்க கண்ணுக்குத் தெரியுது" என்றார் அப்பா. "அறுத்தவன் படத்த இன்னும் பாக்கவே இல்ல, அவனுக்குத் தெரியுது. ஆபீசருக்கு மட்டும் தெரியல. தெரியாத நம்பருக்கு எதுக்குல பாதிக் காசு தாரான்?"

"அண்ணே, வீம்பு பிடிக்காதீங்க. வலை இல்லாம எத்தன நாளு? நான் பட்டது போதாதா? அங்கன நான் படுதது ஒங்களுக்குத் தெரியாது. ஒங்களையும் அங்கன பாக்க எனக்கு சக்தியில்ல." சித்தப்பா தம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். அவர் லாஞ்சுக்காரனுக்காக வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்பா அவர் தோளில் கை வைத்தார். "நீ காப்பியக் குடி. அங்கன நான் வரல. நீரோட்டத்துல போச்சுன்னு ஒரு தடவ என் வாயால சொல்லிட்டா, இனி இந்தக் கரையில எவன் வலை போனாலும் நீரோட்டம்தான். போய் சொல்லு, படம் அழியாதுன்னு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "படம் பத்திரமா இருக்கா?"

"மூணு இடத்துல வச்சிருக்கேன்ப்பா."

"நாலாவதா ஒரு இடத்துலயும் வையி."

மச்சான் இன்னும் சில மாதம் கரையில் இருப்பதாக இருந்தவர், கிடைத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கினார். அம்மா கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். புது வலை வந்து, அப்பா மறுபடி தன் வள்ளத்தில், தன் வலையோடு கடலுக்குப் போனார். ஆபீசில் எங்கள் மனு இன்றைக்கும் "நம்பர் தெளிவில்லை" என்ற குறிப்போடு கிடக்கிறது. வலை, கயிறு, போயா, ஈயக்குண்டு, வேறு கார்டு, ஆபீசுக்கு நடையாய் நடந்த பஸ் காசு, அடகு வட்டி எல்லாம் சேர்த்து, அந்த நாலு படங்களை அழிக்காமல் வைத்துக்கொண்டதற்கு எங்களுக்கு ஆனது எண்பத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.